வேலைக்கு வெளியே ஒரு வேலை: சொந்தத் திட்டங்கள் பற்றி வடிவமைப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாரும் கேட்காமல், சம்பளம் இல்லாமல், ஆசைக்காக மட்டும் செய்கிற படைப்பு வேலையைத்தான் இங்கே சொந்தத் திட்டம் என்கிறேன். அலுவலகங்களில் 'சைடு புராஜெக்ட்' என்று சொல்வது இதைத்தான். இணையத்தில் நாம் வியந்து பார்க்கும் நல்ல விஷயங்களில் பல இப்படிப் பிறந்தவை. வடிவமைப்புத் தொழிலில் இருப்பவர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் விருப்பு வெறுப்புகளும் கலந்திருக்கும்.

தினமும் பின்ட்ரஸ்ட், பிஹான்ஸ், டிரிபிள் என்று படைப்புகளைக் காட்டும் தளங்களை எல்லாம் பார்க்கிறேன். பிடித்ததைச் சேமித்தும் வைக்கிறேன். ஆனால் உட்கார்ந்து எதையும் செய்யத் தோன்றவில்லை. ஏன்?

அங்கே இருப்பவை எல்லாம் பிறர் சமைத்து முடித்த விருந்து. பார்க்கப் பார்க்க வயிறு நிறைந்தது போலிருக்கும், பசி மட்டும் வராது. இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் பார்ப்பதையேதான் உங்கள் வகுப்புத் தோழரும் போட்டி நிறுவனத்துக்காரரும் பார்க்கிறார்கள். எல்லோரும் ஒரே கிணற்றில் இறைத்தால் எல்லோர் வீட்டிலும் ஒரே தண்ணீர்தான் இருக்கும்.

நான் சொல்லும் வழி எளிது. பிடித்த படைப்பைப் பார்த்ததும் சேமிக்காதீர்கள். அதைச் செய்தவர் எதைப் பார்த்துச் செய்தார் என்று தேடுங்கள். ஒரு படி பின்னால் போங்கள்.

அமெரிக்காவில் சிகாகோ பகுதியைச் சேர்ந்த நிக்கலஸ் ரூஜோ என்ற இணைய வடிவமைப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலிவர் பைரன் என்பவர் 1847இல் லண்டனில் வெளியிட்ட யூக்ளிட் வடிவியல் நூல் ரூஜோவின் கையில் கிடைத்தது. பைரன் செய்த காரியம் விநோதமானது. முக்கோணத்தின் பக்கங்களை அ, ஆ, இ என்று எழுத்தால் குறிப்பதற்குப் பதிலாகச் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று நிறத்தால் குறித்தார். "இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமம்" என்று எழுத வேண்டிய இடத்தில் அந்த இரண்டு கோணங்களையே நிறத்தோடு வரிக்கு நடுவில் அச்சிட்டார். ரூஜோ 2018இல் அந்த நூல் முழுவதையும் இணையப் பக்கமாக மறுபடி வரைந்தார். வரியில் இருக்கும் சிறு வடிவத்தைத் தொட்டால் படத்தில் அதே பகுதி மட்டும் துலங்கும். அத்தியாயத் தொடக்கத்தில் வரும் பூவேலை முதலெழுத்துகளையும் விடவில்லை. யாரும் கேட்டுச் செய்த வேலை அல்ல இது. பிறகு அதே படங்களைச் சுவரொட்டியாகவும் விற்றார்.

அதே ஆண்டில் அவர் இன்னொரு பழைய நூலையும் எடுத்தார். ஜெர்மானியக் கனிமவியலாளர் வெர்னர் வகுத்த நிறப் பெயர்களை, எடின்பரோவைச் சேர்ந்த பூ ஓவியர் பேட்ரிக் சைம் 1814இல் நூலாக்கினார். 1821இல் வந்த இரண்டாம் பதிப்பில் 110 நிறங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் எதிரே, அது எந்த விலங்கில், எந்தச் செடியில், எந்தக் கனிமத்தில் கிடைக்கும் என்று மூன்று கட்டங்கள். பிரஷ்ய நீலத்துக்கு நேரே பார்த்தால் ஆண் காட்டுவாத்தின் சிறகில் உள்ள பளபளப்பான திட்டு, நீலம் கலந்த ஊதா அனிமோனி மலரின் மகரந்தத் தாள்கள், நீலச் செப்புத் தாது என்று இருக்கும். பீகிள் கப்பலில் போன டார்வின் கையில் இருந்தது இந்த நூல்தான். பார்த்த உயிரினங்களின் நிறத்தைக் குறிப்பெடுக்க இதிலிருந்த பெயர்களைப் பயன்படுத்தினார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கிளிப்பச்சை, மாந்தளிர், எலுமிச்சை மஞ்சள், மயில்கழுத்து என்று பட்டுச்சேலைக் கடையில் நாம் சொல்லும் நிறங்களுக்கு இப்படி ஒரு அட்டவணை போடலாமே என்று எனக்குத் தோன்றியது. யாராவது செய்யுங்கள், நான் உரிமை கோர மாட்டேன்.

சரி, 'ஒரு படி பின்னால்' போக எங்கே தேடுவது? இலவசமாகக் கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் அதற்கு முன்பே, 2012இல், தன் சேகரிப்பைப் பெரிய அளவுப் படங்களாக இணையத்தில் ஏற்றியது. பிரிட்டிஷ் நூலகம் 2013 டிசம்பரில் பழைய நூல்களிலிருந்து வெட்டியெடுத்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை ஃபிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளத்தில் போட்டது. வரைபடம், ஓரச் சித்திரம், அலங்கார எழுத்து, பலூன், மீன் எல்லாம் கலந்து கிடக்கும் குவியல் அது. ஒழுங்கில்லாமல் கிடப்பதாலேயே எனக்கு அது பிடிக்கும்.

நமக்கு நெருக்கமான ஊற்றுகள் வேறு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. காரைக்குடிக்கு அருகில் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் தொழில் தெரிந்தவர். கண்ணில் பட்ட அச்சுத்தாளை எல்லாம் பல்லாண்டுகள் சேர்த்தார். அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, நாட்டுக்கு வெளியே கொண்டு போகாமல், 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. நூல்களோடு பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் போன்ற, பொதுவாக யாரும் பாதுகாக்காத அச்சுப் பொருள்களும் அங்கே உண்டு. எழுத்துக் கலையில் ஆர்வமுள்ளவர் ஒரு பகல் முழுவதும் அங்கே உட்காரலாம். சொல்லப்போனால், ரோஜா முத்தையாவின் சேகரிப்பே நான் பேசிக்கொண்டிருக்கும் வகையைச் சேர்ந்த சொந்தத் திட்டம்தான்.

இலங்கைத் தமிழ் அச்சுப் பொருள்களுக்கு 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்ற இணையதளம் இருக்கிறது. சங்கப் பாடல் பதிப்பிலிருந்து பள்ளி ஆண்டு மலர் வரை அட்டையோடு மின்வருடிப் போட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு மலர் அட்டைகளைத் தனியாக ஒரு வரிசையாக அடுக்கிப் பார்த்தாலே போதும், ஒரு காலத்தின் எழுத்து அழகு தெரிந்துவிடும்.

இணையத்தைவிட்டு வெளியே வந்தால் லாரி முகப்பு, ஆட்டோவின் பின்புறம், சுவர் விளம்பரம். கையால் எழுதும் பெயிண்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். படம் எடுக்கும்போது யார் எழுதியது என்று கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பலகையின் மூலையில் சிறிதாகக் கையெழுத்தும் கைப்பேசி எண்ணும் இருக்கும். எண்ணை மட்டும் மறைத்துவிட்டு வெளியிடுங்கள்.

என்ன செய்வது என்றே தெரியவில்லை. யோசனை எப்படி வரும்?

"எதை வேண்டுமானாலும் செய்யலாம்" என்று இருப்பதுதான் பிரச்சினை. வாடிக்கையாளர் கொடுக்கும் அளவு, நிறம், கெடு எல்லாவற்றையும் நாம் திட்டுகிறோம். ஆனால் அவை இல்லாதபோது கை ஓடுவதில்லை. சொந்தத் திட்டத்தில் அந்த வாடிக்கையாளர் வேடத்தையும் நீங்களே போட வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் 'டியர் டேட்டா'. ஜார்ஜியா லூப்பி இத்தாலியில் பிறந்து நியூயார்க்கில் வாழ்பவர். ஸ்டெஃபனி பொசவெக் அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்பவர். இருவரும் தகவல் வடிவமைப்பாளர்கள் (எண்களையும் விவரங்களையும் படமாக்குபவர்கள்), ஒருவரையொருவர் அதிகம் அறியாதவர்கள். 2014 செப்டம்பரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வாரம் ஒரு தலைப்பு. அந்த வாரம் முழுவதும் அந்தத் தலைப்பில் தங்கள் வாழ்க்கையை எண்ண வேண்டும். வாரக் கடைசியில் எண்ணியதை ஒரு தபால் அட்டையில் கையால் வரைந்து அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்ப வேண்டும். முதல் வாரம் கடிகாரம் பார்த்த தடவைகள். பிறகு நன்றி சொன்னது, குறை சொன்னது, சிரித்தது, கடந்து போன கதவுகள். 52 வாரங்கள், ஆளுக்கு 52 அட்டைகள்.

அந்த அட்டைகளைக் கிட்டத்தில் பாருங்கள். முன்பக்கம் இதழ்களாகவோ கோடுகளாகவோ புள்ளிகளாகவோ ஒரு படம், எதுவும் புரியாது. பின்பக்கம் முகவரிக்குப் பக்கத்தில் நெருக்கமான கையெழுத்தில் விளக்கக் குறிப்பு: இந்த நிறம் என்றால் இன்னாரிடம் சொன்னது, கோடு நீளமாக இருந்தால் இத்தனை நேரம், குறுக்கே ஒரு கீறல் இருந்தால் மனமில்லாமல் சொன்னது என்கிற மாதிரி. அடித்தல் திருத்தல் உண்டு. கணினியில் செய்திருந்தால் இவ்வளவு உயிர் இருந்திருக்காது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் இந்த அட்டைகளைத் தன் நிரந்தரச் சேகரிப்புக்கு எடுத்துக்கொண்டது.

இந்தத் திட்டத்தில் எதெல்லாம் முன்கூட்டியே முடிவானது என்று கவனியுங்கள். அளவு தபால் அட்டை. கருவி பேனா. கெடு வாரக் கடைசி. பார்வையாளர் ஒரே ஒருவர். முடிவு 52ஆம் வாரம். மீதி எல்லாம் சுதந்திரம். உங்கள் யோசனையும் இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் அது இன்னும் ஆசைதான், திட்டம் ஆகவில்லை.

தினம் ஒன்று என்று செய்யும் சவால்கள் உண்மையிலேயே உதவுமா?

சிலருக்கு உதவும். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தொடங்கிய 'இங்க்டோபர்' அக்டோபர் மாதம் முழுக்க நாளுக்கு ஒரு மை ஓவியம். பார்சிலோனாவில் 2014இல் தொடங்கிய '36 நாள் எழுத்து' ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் 10 எண்களும் நாளுக்கு ஒன்றாக. நியூயார்க் வடிவமைப்பாளர் மைக்கேல் பைரட் யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வைத்த பயிற்சி இன்னும் கடினம். ஏதாவது ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து அதை 100 நாள் இடைவிடாமல் செய்ய வேண்டும். ஒரு மாணவி தினமும் ஒரு பெயிண்ட் கடை நிறச் சீட்டை எடுத்து, அதற்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். அவ்வளவுதான், ஆனால் 100 நாள்.

ஆனால் ஆங்கில எழுத்து வரிசையைத் தமிழர்கள் ஆண்டுதோறும் வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமை. நம் கணக்கு இதைவிட அழகாக அமைந்திருக்கிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. கூட்டினால் 31, சரியாக ஒரு ஜனவரி மாதம்.

அதை முடித்தவர்கள் அடுத்து உயிர்மெய்க்குப் போகலாம். 216 உயிர்மெய்களையும் வரைய வேண்டியதில்லை. கால், கொம்பு வரிசைகள் பெரும்பாலும் ஒரே குறி மாறாமல் ஒட்டுவது. சுவாரசியம் எல்லாம் உகர வரிசையில் இருக்கிறது. 18 எழுத்துகளையும் எழுதிப் பாருங்கள். ஙு, சு, பு, யு, வு ஆகிய ஐந்திலும் நேராக ஒரு கோடு கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகிய ஆறிலும் எழுத்தின் முடிவே சுழன்று உகரமாகிவிடும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகிய ஏழிலும் எழுத்துக்கு அடியில் ஒரு கோடு வளைந்து வலப்புறம் மேலேறும். ஒரே ஒலிக்கு மூன்று வழிகள். தமிழ் எழுத்துரு செய்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இந்த வரிசையும் இதன் தம்பியான ஊகார வரிசையும்தான். 18 நாளில் உகரத்தை முடித்தால் தமிழ் எழுத்தின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும்.

இன்னொரு சிறு தொடரும் உண்டு. தமிழ்நாட்டில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் ஆறும், ணை, லை, ளை, னை நான்கும் வேறு உருவில் இருந்தன. மொத்தம் 13. யானைத் துதிக்கை போல முன்னால் சுருண்டு நிற்கும் பழைய 'லை'யை உங்கள் தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பழைய புத்தகத்திலிருந்து அந்தப் பதின்மூன்றையும் தேடி எடுத்து இன்றைய பாணியில் வரைந்தால் அடக்கமான ஒரு திட்டம்.

தினசரிச் சவாலில் எனக்கு ஒரு மனக்குறை மட்டும் உண்டு. இருபதாம் நாளுக்கு மேல் பலர் எழுத்துக்காக வரைவதில்லை, விருப்பக்குறிக்காக வரைகிறார்கள். ஒரு நாள் தவறினால் குடிமுழுகிப் போய்விடாது. மறுநாள் தொடருங்கள்.

எனக்கு வரைய வராது, நிரல் எழுதத்தான் தெரியும். எனக்கு ஏதாவது உண்டா?

கோலம் இருக்கிறதே! தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இலேயே கோலத்தைக் கணினியியலின் இலக்கண விதிகளாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் கோலம் போடுபவர் மனத்துக்குள் வைத்திருக்கும் விதிகளைக் கணினிக்குப் புரியும்படி சொல்ல முடியும் என்று காட்டிய வேலை அது. கோலக் கணிதம் பற்றி உலகில் எழுதுபவர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

நீங்கள் இப்படித் தொடங்கலாம். சிக்குக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சதுரத்துக்குள் இருப்பதாக நினையுங்கள். சதுரத்துக்கு நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு ஒன்று பக்கத்துப் புள்ளிக்குத் தாண்டிப் போகும், அல்லது திரும்பிவிடும். ஆக ஒரு புள்ளிக்கு 16 நிலைகள். சுழற்றினால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் ஆறே ஆறு வடிவங்கள். நான்கு பக்கமும் மூடியிருந்தால் வட்டம். ஒரு பக்கம் திறந்திருந்தால் நீர்த்துளி. நான்கும் திறந்திருந்தால் நாலா திசையிலும் பின்னல். இந்த ஆறு வடிவங்களை வரைந்து வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த சதுரங்கள் பொதுப் பக்கத்தில் ஒத்துப்போக வேண்டும் என்ற ஒரே விதியில் கணினி கோலம் போட்டுக்கொண்டே போகும்.

போட்டுப் பார்த்ததும் அடுத்த கேள்வி தானாக வரும். சீட்டுக் குலுக்கியது போலப் பக்கங்களைத் திறந்தால் கோலம் பல தனித்தனி வளையங்களாகப் பிரிந்துவிடும். கையெடுக்காமல் ஒரே இழையில் முடியும் கோலம் மட்டும் வேண்டும் என்றால் எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடுவது? அதற்கு விடை தேடும்போது, அம்மாவிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும். அவர்கள் சொல்லும் சூட்சுமத்தை நிரலாக்குவதுதான் திட்டத்தின் சுவையான பகுதி.

விலை உயர்ந்த மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். வெக்டர் (பெரிதாக்கினாலும் சிதையாத கோட்டுப் படம்) வரைய இங்க்ஸ்கேப், ஓவியத்துக்கு கிரிட்டா, படம் திருத்த கிம்ப், எழுத்துரு செய்ய ஃபான்ட்ஃபோர்ஜ், முப்பரிமாணத்துக்கு பிளெண்டர் எல்லாமே இலவசம். இணையத்திலேயே வடிவமைக்க உதவும் ஃபிக்மாவின் இலவசக் கணக்கு ஒருவர் வேலைக்குப் போதும். 1983இல் ஆப்பிள் நிறுவன வடிவமைப்பாளர் சூசன் கேர் மெக்கின்டாஷ் கணினிக்கான சின்னங்களைத் திட்டமிட்டது கட்டம் போட்ட நோட்டில்தான். 32க்கு 32 கட்டம், நிரப்பியது கறுப்பு, நிரப்பாதது வெள்ளை. அந்த நோட்டுப் பக்கங்கள் இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கணக்கு நோட்டு உங்கள் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும்.

தமிழில் செய்ய நல்ல எழுத்துருக்கள் இல்லையே?

இது பத்தாண்டுகளுக்கு முந்தைய புகார். கூகுள் எழுத்துரு தளத்திலேயே பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸின் பவனம், கவிவனார், எக் டைப் குழுவின் பாலு தம்பி, முக்தா மலர், அனெக் தமிழ், மற்றும் ஹிந்த் மதுரை, அரிமா, மீரா இனிமை என்று வரிசை நீளம். கவிவனார் சாய்ந்த கையெழுத்துப் பாணி. பாலு தம்பி தடித்து உருண்டது, குழந்தைகளுக்கான வேலைக்குப் பொருந்தும். நீண்ட வாசிப்புக்கு எனக்கு முக்தா மலர் பிடிக்கும். இவை திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பவை. வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், மாற்றியும் அமைக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கங்கள் ஓடுகின்றன. அதில் அடித்ததை இணையத்தில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். அடோபி மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பை இயக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொடி' என்று அடித்தால் கொம்பும் காலும் கலைந்து கிடக்கும் பேனர்களைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியை அப்படியே தமிழுக்கு வைக்காதீர்கள். மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கீ'யும் மோதும். எழுத்தின் அளவைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வையுங்கள்.

பழைய படங்கள், பத்திரிகை அட்டைகளைப் பயன்படுத்தினால் சட்டப் பிரச்சினை வருமா?

இந்தியாவில் பொதுவிதி, படைப்பாளி இறந்து 60 ஆண்டுகள். இறந்த ஆண்டு முடிந்து அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. இலங்கையில் 70 ஆண்டுகள். அதைக் கடந்தவற்றை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஓர் அட்டையில் ஓவியர், புகைப்படக்காரர், பதிப்பகம் என்று பலர் இருக்கலாம் என்பதால் பெயர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் கிடைத்தது என்பது அனுமதி ஆகாது. "உரிமை உரியவருக்கே" என்று கீழே எழுதிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அதற்கு எந்தப் பலனும் இல்லை. படைப்பாளியே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்தால் அதில் எது என்று பாருங்கள். பெயர் மட்டும் சொன்னால் போதும் என்பதும், வணிகத்துக்குக் கூடாது என்பதும், மாற்றக் கூடாது என்பதும் வேறு வேறு.

பிறர் பாணியை அப்படியே போலச் செய்து பழகலாமா?

உங்கள் நோட்டில் தாராளமாக. வெளியிடும்போது யாரைப் பார்த்துச் செய்தது என்று எழுதிவிடுங்கள். விற்காதீர்கள்.

வேலையில் இருந்துகொண்டே சொந்தத் திட்டம் செய்தால் நிறுவனம் உரிமை கோருமா?

கோர வாய்ப்பு உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணியின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். பணியின் பகுதி எது என்பதில்தான் வழக்கு வரும். நியமன ஆணையை எடுத்து, படைப்புரிமை பற்றிய பத்தியை ஒருமுறை படியுங்கள். சில நிறுவனங்கள் 'பணிக்காலத்தில் செய்யும் எல்லாப் படைப்பும்' என்று வாய் அகலமாக எழுதி வைத்திருப்பார்கள். அலுவலக மடிக்கணினி, அலுவலக மென்பொருள் உரிமம், அலுவலக நேரம் மூன்றையும் தொடாதீர்கள். வாடிக்கையாளரின் துறையிலேயே திட்டம் செய்வதாக இருந்தால் மேலாளரிடம் மின்னஞ்சலில் சொல்லிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பணம் வருமா?

எல்லோரும் 'வேர்டில்' கதையைச் சொல்வார்கள். நியூயார்க்கில் ஜோஷ் வார்டில் என்ற நிரலாளர், சொல் விளையாட்டுப் பிரியரான தன் இணையருக்காகச் செய்த விளையாட்டு அது. மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட சொற்கள் சுமார் 12,000 இருந்தன. அவற்றில் தனக்குத் தெரிந்தவற்றை மட்டும் பொறுக்கி ஏறத்தாழ 2,500 ஆக்கியவர் அந்த இணையர்தான். 2021 நவம்பர் 1 அன்று விளையாடியவர்கள் 90 பேர். ஜனவரி தொடக்கத்தில் மூன்று லட்சம். ஜனவரி முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டது.

இதைக் கணக்காக வைத்துக்கொண்டு இறங்குவது லாட்டரிச் சீட்டு வாங்குவதுதான். நான் அந்த விளையாட்டில் வியப்பது விலையை அல்ல, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல் என்று நிறுத்திக்கொண்ட அடக்கத்தை. அன்று அதில் விளம்பரம் இல்லை, அறிவிப்பு மணி இல்லை, "இன்னும் ஆடு" என்று நச்சரிக்கவில்லை. சம்பளத்துக்குச் செய்திருந்தால் அவருடைய மேலாளர் அதை விட்டிருப்பாரா?

நடைமுறையில் பணம் வேறு வழியில் வருகிறது. ஜெசிகா ஹிஷ் என்ற அமெரிக்க எழுத்துக் கலைஞர் 2009 முதல் நாள்தோறும் ஓர் அலங்கார முதலெழுத்து வரைந்து, யார் வேண்டுமானாலும் தங்கள் பக்கத்தில் பயன்படுத்திக்கொள்ளும்படி வெளியிட்டார். 12 முறை முழு அகரவரிசையை முடித்தார். பிறகு பெங்குவின் பதிப்பகம் 26 செவ்வியல் நூல்களுக்கு எழுத்துக்கு ஒன்றாக அட்டை வரையும் வேலையை அவரிடம் கொடுத்தது. எந்த வேலை உங்களைத் தேடி வர வேண்டுமோ அந்த வேலையை முதலில் நீங்களே செய்து காட்டுவது. கல்யாணப் பத்திரிகை வேலையே வந்துகொண்டிருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர், தான் வெளியில் காட்டுவது எல்லாம் கல்யாணப் பத்திரிகைதானா என்று பார்க்கட்டும்.

செயற்கை நுண்ணறிவே படம் வரைந்து தரும்போது நான் ஏன் மெனக்கெட வேண்டும்?

அலுவலக வேலையில் அது பயன்படலாம். சொந்தத் திட்டத்தில் நீங்கள் அனுபவிக்க வேண்டிய பகுதியையே அதனிடம் கொடுத்துவிட்டு, கோப்புக்குப் பெயர் வைக்கும் பகுதியை நீங்கள் வைத்துக்கொள்வதில் எனக்கு லாபம் தெரியவில்லை. தலைகீழாகச் செய்யுங்கள். சுவரொட்டியில் தமிழ் எழுத்தை அதனிடம் வரையச் சொல்லும்போது, இல்லாத எழுத்தையும் நம்பிக்கையோடு வரைந்து தரக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் திட்டங்கள் எல்லாம் பாதியில் நிற்கின்றன.

பெரிதாகத் தொடங்குகிறீர்கள். 'தமிழ்நாட்டின் எல்லாக் கோயில் கோபுரங்களும்' வேண்டாம். உங்கள் ஊரில் ஏழு கோபுரம் இருந்தால் ஏழு. முடிந்த ஏழு, முடியாத எழுநூறைவிட மேல். நிற்கும் திட்டத்தில் சில நிற்க வேண்டியவைதான், அவற்றுக்குத் துக்கம் கொண்டாடாதீர்கள்.

துணை ஒருவரைச் சேர்த்துக்கொள்வது எனக்குத் தெரிந்த சிறந்த மருந்து. 'டியர் டேட்டா' போல எதிர்முனையில் அட்டைக்காக ஒருவர் காத்திருக்கும்போது சோம்பலுக்கு வெட்கம் வந்துவிடும்.

முடித்ததை எங்கே வெளியிடுவது?

சமூக ஊடகத்தில் போடுங்கள், ஆனால் அங்கே மட்டும் போடாதீர்கள். சொந்தப் பக்கம் ஒன்று வேண்டும். கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் போன்ற தளங்களில் செலவில்லாமல் அமைக்கலாம். ஒரே பக்கம் போதும். மேலே தலைப்பு, அடுத்து படைப்பு, கீழே எதைப் பார்த்துச் செய்தது, எந்த எழுத்துரு, எந்த உரிமம். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்துவிடுங்கள், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் சரியாகப் படிக்க அது உதவும்.

இணையதளங்கள் சாகும். 1990களில் லட்சக்கணக்கானோர் சொந்தப் பக்கம் அமைத்துக் குடியிருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை 2009 அக்டோபரில் யாகூ மூடியது. தன்னார்வலர்கள் இரவு பகலாக நகலெடுத்ததால் ஒரு பகுதி மிஞ்சியது. ஆகவே வெளியிட்ட அன்றே இணைய ஆவணக் காப்பகத்தின் 'வேபேக் மெஷின்' பக்கத்துக்குப் போய் உங்கள் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை. மூலக் கோப்புகளை வெளி வன்தட்டில் ஒரு நகல் வையுங்கள். அச்சிடக்கூடிய படைப்பாக இருந்தால் பத்துப் பிரதி அச்சிட்டு, இரண்டை ஏதாவது ஒரு நூலகத்துக்கு அனுப்புங்கள்.